மருந்து பிடிக்கிறதா? – ஒரு கேள்வியின் வரலாறு

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவன். வைத்தியம் கற்றவன் அல்லன். ஆயினும் இன்று ஒரு நோயின் வரலாற்றைப் பற்றிப் பேச முன்வந்திருக்கிறேன். அதற்குக் காரணமாக இருந்தவன் என் மாணவன் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் அவனுக்குக் கழுத்தின் இடப்பக்கத்தில் நெறி கட்டியது. சளியினாலோ காய்ச்சலினாலோ கட்டியிருக்கும் என்று வீட்டார் முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒரு மாதம் சென்றும் அது வடியவில்லை, வலியும் இல்லை. இரவில் உடை நனையும்படி வியர்த்தது, உடல் மெலிந்தது. மருத்துவர்கள் அந்த நெறியிலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்துச் சோதித்தனர். நிணநீர் மண்டலத்தில் தோன்றும் புற்றுநோய் அது என்று தெரிந்தது. லிம்போமா என்பது அதன் மருத்துவப் பெயர்.

சிகிச்சையின் முதற்சுற்று முடிந்தபோது அவனுடைய தந்தையார் மருத்துவரைப் பார்த்து, "மருந்து பிடிக்கிறதா, ஐயா?" என்று கேட்டார். "இன்னும் ஒரு சுற்றுப் போகட்டும், பிறகுதான் சொல்ல முடியும்" என்று மருத்துவர் விடையளித்தார். அந்த விடை நேர்மையானதே. ஆயினும் காத்திருப்பவர்க்கு ஒரு சுற்று என்பது ஒரு யுகம் அல்லவா?

அந்த நாட்களில் ஒரு மாலை, மாணவன் ஓர் அறிக்கையுடன் என் வீட்டிற்கு வந்தான். சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தின் அறிக்கை அது. அதில் கழுத்துக் கட்டியின் நீளமும் அகலமும் குறிக்கப்பட்டிருந்தன. அவற்றை அடுத்து 0.7 என்று மற்றோர் எண்ணும் இருந்தது. "ஐயா, தாங்கள் வகுப்பில் விரவலைப் பற்றிப் பாடம் சொன்னீர்கள். இந்த எண் அதைச் சேர்ந்தது என்கிறார்கள். இதில் என் ஆயுள் எழுதியிருக்கிறதா?" என்று கேட்டான்.

தந்தையார் கேட்டதும் மைந்தன் கேட்டதும் ஒரே கேள்விதான். மருந்து பிடிக்கிறதா என்பதை எப்பொழுது அறியலாம்? எதைக்கொண்டு அறியலாம்? ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளாக மருத்துவர்கள் இக்கேள்வியைக் கேட்டு வந்திருக்கின்றனர். அதற்கு அவர்கள் கண்ட விடைகளின் வரலாறே இன்று நான் கூற வந்தது.

இவ்வரலாறு இலண்டன் மாநகரில் கய்ஸ் மருத்துவமனையின் பிரேதப் பரிசோதனைச் சாலையில் தொடங்குகின்றது. அங்கே நோயியல் காட்சிச் சாலையைப் பேணிவந்தவர் தாமஸ் ஹாட்ஜ்கின் என்னும் மருத்துவர். குவேக்கர் என்னும் சமயப் பிரிவைச் சேர்ந்தவர், எளிய வாழ்வினர். இறந்தோரின் உடலுறுப்புகளை ஆராய்ந்து, நோயின் தடயங்களைப் பதிவு செய்வது அவர் தொழில். 1832ஆம் ஆண்டில் அவர் ஏழு நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து ஒரு கட்டுரையாக வாசித்தார். அவ்வெழுவருக்கும் நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருந்தன. சிலருக்கு மண்ணீரலும் பருத்திருந்தது. இது காசநோயால் வந்த வீக்கமன்று, வேறு எதனாலும் வந்த விளைவுமன்று, தனியொரு நோய் என்பது அவர் கருத்து. அக்காலத்தில் அதை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1865இல் சாமுவேல் வில்க்ஸ் என்பவரே அந்நோய்க்கு ஹாட்ஜ்கின் பெயரைச் சூட்டி, முன்னோடியின் பெருமையை நிலைநாட்டினார்.

ஹாட்ஜ்கின் உருப்பெருக்கியின் துணையின்றித் தம் கண்களையே நம்பி இதைக் கண்டார் என்பது வியப்புக்குரியது. அவர் பாதுகாத்து வைத்த உறுப்புகள் அழியாமல் இருந்தன. 1926இல் அவற்றிலிருந்து மெல்லிய சீவல்கள் எடுத்து உருப்பெருக்கியில் பார்த்தனர்; அவற்றுள் சிலவற்றில் அவர் கூறிய நோயே இருக்கக் கண்டனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துக் கிடைத்த சான்று அது. ஆனால் நம் கேள்வியின் கண்கொண்டு பாருங்கள். ஹாட்ஜ்கின் காலத்தில் மருத்துவருக்கு விடை கிடைத்தது நோயாளி இறந்தபின்புதான். நோயின் எல்லை எது என்பதை உடலைத் திறந்தபின்பே அறிந்தனர். பயன்தரும் மருந்து எதுவும் இல்லாத காலத்தில் அவ்விடை தாமதமாக வந்தாலும் விரைவாக வந்தாலும் வேறுபாடு இல்லை.

1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். சில ஆண்டுகளுக்குள்ளேயே அக்கதிர்களை வீங்கிய கணுக்களின்மீது செலுத்திப் பார்த்தனர். 1902இல் அமெரிக்காவில் சிகாகோ நகர மருத்துவர் பியூசி, கட்டிகள் வியக்கத்தக்கவாறு சுருங்கியதை எழுதினார். சுருங்கியவை மீண்டும் வளர்ந்தன. எனினும், "மருந்து பிடிக்கிறதா?" என்னும் கேள்விக்கு முதன்முதலாகப் பொருள் உண்டாயிற்று. விடை காண உதவிய கருவி மருத்துவரின் விரல். கழுத்தையும் கக்கத்தையும் தொடையிடுக்கையும் தடவிப் பார்த்து, "சற்றுக் குறைந்திருக்கிறது" என்பார். மார்பின் உள்ளேயும் வயிற்றின் உள்ளேயும் இருந்தவற்றை விரல் எட்டவில்லை.

அடுத்த அத்தியாயம் யுத்தத்திலிருந்து வந்தது. முதல் உலக யுத்தத்தில் கடுகு வாயு என்னும் நச்சுப் பொருளைப் பயன்படுத்தினர். அதன் வாய்ப்பட்டு இறந்தோரின் உடலில் வெள்ளணுக்களும் நிணநீர்த் திசுக்களும் அழிந்திருந்தன. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தில் லூயி குட்மன், ஆல்பிரெட் கில்மன் என்னும் இருவர் இந்த நஞ்சின் உறவான நைட்ரஜன் மஸ்டர்டு என்ற இரசாயனத்தை ஆராய்ந்தனர். வெள்ளணுக்களை அழிக்கும் நஞ்சு, வெள்ளணுக்களின் புற்றையும் அழிக்காதா என்பது அவர்கள் எண்ணம். 1942இல், கதிர் சிகிச்சைக்கு இணங்காத நிணநீர்ப் புற்றுடைய ஒருவருக்கு அதை அளித்தனர். சில நாட்களிலேயே கட்டிகள் இளகின. அவரால் மீண்டும் தலையைத் திருப்ப முடிந்தது. ஆனால் நோய் திரும்பி வந்தது. அவ்வாண்டு முடியுமுன் அவர் இறந்தார். யுத்த இரகசியமாதலால் இச்செய்தி 1946இல்தான் வெளியாயிற்று. புற்றுநோய்க்கு இரசாயன மருந்து கொடுக்கலாம் என்ற நம்பிக்கை அன்று பிறந்தது. அதோடு, இளகிய கட்டி எல்லாம் தீர்ந்த நோய் ஆகாது என்ற பாடமும் பிறந்தது.

பின்னர் வந்த முப்பது ஆண்டுகள் மருத்துவ வரலாற்றின் பெருமைக்குரிய காலம். கனடாவில் டொராண்டோ நகரத்தில் வேரா பீட்டர்ஸ் என்னும் பெண் மருத்துவர், நோய் பரவாத நிலையில் தக்க அளவு கதிர் செலுத்தினால் ஹாட்ஜ்கின் நோயாளர் நெடுநாள் வாழ்வர் என்பதை 1950இல் நிலைநாட்டினார். கலிபோர்னியாவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஹென்றி கப்லன், 1956 முதல் நேர்கோட்டு முடுக்கி என்னும் வலிய பொறியைக் கொண்டு சிகிச்சை செய்தார். 1970இல் வின்சென்ட் டிவிட்டாவும் அவருடைய கூட்டாளிகளும், நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்ததன் பயனை வெளியிட்டனர். முற்றிய நோயுடைய 43 பேரில் 35 பேருக்கு நோயின் அடையாளம் அறவே மறைந்தது. இத்தாலியில் மிலான் நகரத்துப் பொனடோனா 1975இல் வேறு நான்கு மருந்துகளின் கூட்டை அறிவித்தார். இறப்பு நிச்சயம் என்று கருதிய ஒரு நோய், பலருக்குக் குணமாகும் நோயாக மாறிற்று.

வெற்றி தன்னுடன் புதிய கவலையையும் கொண்டுவந்தது. அன்று குணமடைந்த சிறுவரும் இளைஞரும் வளர்ந்து நடுவயதை எட்டியபோது, சிலருக்கு இதயம் பழுதாயிற்று. மார்பில் கதிர் பெற்ற பெண்கள் சிலருக்கு மார்பகப் புற்று தோன்றியது. சிலருக்கு மருந்தால் நுரையீரல் கெட்டது. நோயை வென்ற ஆயுதமே வீரனையும் காயப்படுத்தியது. குறைந்த சிகிச்சையே போதுமானவர்க்கு மிகுதியாகக் கொடுத்தால் பிற்காலத்தில் தீங்கு; கடுஞ்சிகிச்சை தேவையானவர்க்குக் குறைத்துக் கொடுத்தால் இப்போதே உயிருக்குத் தீங்கு. இருவரையும் தொடக்கத்திலேயே பிரித்தறிவது எப்படி? இங்கேதான், "மருந்து பிடிக்கிறதா?" என்னும் கேள்வி, "இவருக்கு மருந்து பிடிக்குமா?" என்று எதிர்காலத்தை நோக்கித் திரும்பிற்று.

நோயின் பரவலை அறிய அக்காலத்தில் பட்ட பாடு கொஞ்சமன்று. காலில் உள்ள நிணநீர்க் குழாயில் மருந்தேற்றி எக்ஸ் கதிர்ப்படம் எடுத்தனர். நோயின் எல்லையைக் காண்பதற்காகவே வயிற்றைக் கிழித்து மண்ணீரலை எடுத்தனர். 1971இல் ஆன் ஆர்பர் நகரில் கூடிய மருத்துவர்கள் நோயை நான்கு நிலைகளாக வகுத்தனர். அதே ஆண்டில்தான் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டு அமைத்த சி.டி. பொறியில் முதல் நோயாளியின் தலையைப் படமெடுத்தனர். சில ஆண்டுகளில் அப்பொறி உடல் முழுவதையும் அடுக்கடுக்காகக் காட்டிற்று. மருத்துவரின் விரலுக்குப் பதிலாக அளவுகோல் வந்தது. கட்டி எத்தனை சென்டிமீட்டர் இருந்தது, இப்போது எத்தனை சென்டிமீட்டர் என்று கணக்கிட்டனர்.

ஆனால் அளவுகோல் ஒரு விதத்தில் ஏமாற்றும். வீடு இடிந்தபின்னும் அதன் கல்லும் மண்ணும் அவ்விடத்திலேயே குவிந்து கிடக்கும், அப்புறப்படுத்த நாளாகும். அவ்வாறே, புற்றணுக்கள் மடிந்தபின்னும் கட்டி உடனே மறைவதில்லை. ஹாட்ஜ்கின் நோயில் தழும்புத் திசு வெகுகாலம் எஞ்சியிருப்பதும் உண்டு. எஞ்சியது உயிருள்ள நோயா, வெறும் தழும்பா என்பதை அளவுகோல் கூறாது.

ஆகவே அளவை விட்டு இயல்பை நாடினர். புற்றணுக்கள் சர்க்கரையை மிகுதியாக உட்கொள்வன. கதிரியக்கமுடைய சர்க்கரைப் போலியை நரம்பில் செலுத்தி, அது எங்கே தங்குகின்றது என்று காண்பது பெட் என்னும் படமுறை. இரண்டு சுற்று மருந்துக்குப் பின் கட்டி சர்க்கரையை ஈர்க்காவிட்டால், மருந்து பிடித்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். 2016இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில், இரண்டு சுற்றுக்குப் பின் பெட் படம் தெளிவாக இருந்த ஹாட்ஜ்கின் நோயாளர்க்கு, நுரையீரலைக் கெடுக்கக்கூடிய பிளியோமைசின் என்னும் மருந்தை நிறுத்திவிட்டனர். நிறுத்தாதவர்களுக்கு ஏறத்தாழ நிகராகவே அவர்களும் நலம் பெற்றனர். முன்கூட்டி அறிதலின் பயன் இதனால் விளங்கும். 2014இல் வெளியான லுகானோ வகைப்பாடு, சர்க்கரையை ஈர்க்கும் லிம்போமாக்களுக்குப் பெட் படத்தையே அளவையாகக் கொண்டது. ஆயினும் அம்முறையில் கதிரியக்கப் பொருளை உடலில் செலுத்த வேண்டும். சிறுவர்க்கும் கருவுற்ற பெண்களுக்கும் அதைத் தவிர்க்க விரும்புவர். சர்க்கரையைப் பெரிதும் நாடாத லிம்போமா வகைகளும் உள.

இனி நம் கதையின் மற்றொரு கிளைக்குச் செல்வோம். அது பௌதிகத்தைச் சேர்ந்தது. என் மாணவனின் அறிக்கையில் இருந்த எண் அங்கிருந்தே வந்தது. 1827இல் ராபர்ட் பிரௌன் என்னும் தாவர நூலறிஞர், மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட நுண்துகள்கள் நீரில் ஓயாமல் துடிப்பதை உருப்பெருக்கியில் கண்டார். உயிரில்லாத பொருள்களின் தூளை இட்டுப் பார்த்தார், அதுவும் துடித்தது. நீரின் மூலக்கூறுகள் எத்திசையிலும் இடையறாது மோதுவதே அதன் காரணம் என்று 1905இல் ஐன்ஸ்டைன் கணித வழியில் காட்டினார். மூலக்கூறு நேர்வழியில் செல்வதில்லை; குடிகாரன் நடைபோல ஓரடி அங்கும் ஓரடி இங்குமாகத் தடுமாறுகின்றது. அதனால் அது கடக்கும் தூரம் காலத்திற்கு நேராகப் பெருகுவதில்லை. தூரத்தின் வர்க்கமே காலத்திற்கு நேராகப் பெருகுகின்றது. இதுவே நாம் வகுப்பில் படிக்கும் விரவல்.

இந்த நடையை உடலுக்கு வெளியே நின்று அளப்பது எங்ஙனம்? 1946இல் பிளாக், பர்செல் என்னும் இருவர் தனித்தனியே ஓர் உண்மையைக் கண்டனர். வலிய காந்தத்தின் நடுவே வைத்த பொருளில் உள்ள ஹைட்ரஜன் அணுவின் கருக்கள், பம்பரங்கள் தலைசுற்றுவதைப்போலச் சுழன்று, தக்க வானொலி அலைக்கு எதிரொலி தருகின்றன. நீரில் ஹைட்ரஜன் உண்டு. நம் உடலில் பெரும்பங்கு நீரே. 1950இல் எர்வின் ஹான் என்பவர் இந்த எதிரொலியை ஆராய்ந்தபோது, மூலக்கூறுகள் இடம் விட்டு இடம் நகர்வதால் ஒலி மங்குவதைக் கவனித்தார். பிறர் அதைக் குற்றமாகக் கருதித் தள்ளியிருக்கலாம். 1965இல் ஸ்டெஸ்கால், டானர் என்னும் இரு அமெரிக்கர் அக்குற்றத்தையே அளவுகோலாக்கினர்.

அவர்கள் செய்த உபாயத்தை எளிதில் விளக்கலாம். காந்தப்புலத்தை ஒருபுறம் மிகுதியாகவும் மறுபுறம் குறைவாகவும் சரித்து ஒரு கணம் வைக்கின்றனர். ஒவ்வொரு மூலக்கூறும் தான் நின்ற இடத்திற்கேற்ப ஒரு முத்திரை பெறுகின்றது. சிறிது நேரம் கழித்து அதே சரிவை எதிர்முகமாகச் செயற்படுத்தி முத்திரையை அழிக்கின்றனர். அதே இடத்தில் நின்ற மூலக்கூறின் முத்திரை முற்றும் அழியும்; அது முழுக்குரலில் எதிரொலிக்கும். நகர்ந்துவிட்டதன் முத்திரை சரியாக அழியாது. அதனால் குரல்கள் ஒன்றுக்கொன்று இசையாமல் ஒலி மங்கும். ஒலி எவ்வளவு மங்கியதோ அவ்வளவு நடை நடந்தது என்பது கணக்கு.

1973இல் லாட்டர்பர் இந்த எதிரொலிகளிலிருந்து படம் வரையும் வழியைக் கண்டார். இங்கிலாந்தில் மான்ஸ்பீல்டு அதை விரைவுபடுத்தினார். 2003இல் அவ்விருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தது. பிரான்சு நாட்டில், மருத்துவமும் பௌதிகமும் கற்ற டெனி லெ பியான் என்னும் இளைஞர், படத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் நீரின் நடையை அளக்கலாகாதா என்று எண்ணினார். கட்டிகளை வகைபிரிக்க அது உதவும் என்பது அவர் நோக்கம். முதலில் ஈரலில் முயன்றார். மூச்சின் அசைவால் படம் கெட்டது. அசைவற்ற மூளைக்குத் திரும்பினார். 1985இல் முதற்படங்களைக் காட்டினார். 1986இல் கட்டுரை வெளிவந்தது. 1990இல் மூளையின் இரத்த ஓட்டம் தடைப்பட்டதைப் பிற படங்களுக்கு முன்னதாக இப்படம் காட்டுவதை விலங்குகளில் மோஸ்லி கண்டபின், இம்முறை உலகெங்கும் பரவிற்று.

அசைவின் தொல்லையால் கழுத்துக்குக் கீழே இது பயன்படாமல் பல ஆண்டுகள் சென்றன. 2004இல் ஜப்பானிய அறிஞர் தகஹாராவும் அவருடைய குழுவினரும், நோயாளி இயல்பாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே உடல் முழுவதையும் இவ்வாறு படமெடுக்கும் வழியை வெளியிட்டனர். நிணநீர்க் கணுக்கள் உடலெங்கும் சிதறிக் கிடப்பவை. ஆதலின் லிம்போமாவுக்கு இப்படம் மிகவும் பொருந்திற்று. இப்படியாக, ஹாட்ஜ்கினின் நோயும் பிரௌனின் நீரும் ஒரே படத்தில் வந்து சேர்ந்தன.

இப்போது என் மாணவனின் எண்ணுக்கு வருவோம். காகிதமும் பென்சிலும் வைத்திருப்பவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். உடலின் வெப்பநிலையில் தடையற்ற நீரின் விரவல் எண், வினாடிக்கு ஆயிரத்தில் 3 பங்கு சதுர மில்லிமீட்டர். மருத்துவர்கள் சுருக்கமாக 3 என்பர். படமெடுக்கும் முறையில் ஒரு மூலக்கூறின் நடையைக் கவனிக்கும் நேரம் ஏறத்தாழ 50 மில்லி வினாடி என்று கொள்வோம். ஐன்ஸ்டைன் வகுத்த விதிப்படி அந்நேரத்தில் தடையற்ற நீர் ஒரு திசையில் சராசரி 17 மைக்ரோமீட்டர் நகரும். நிணநீர்ச் சிற்றணுவின் குறுக்களவோ 7 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். ஆகவே நீர்மூலக்கூறு அந்த நேரத்திற்குள் உயிரணுவின் சுவரில் முட்டியே தீரும். லிம்போமாவில் உயிரணுக்கள் நெருக்கமாக அடைந்திருக்கும். அவற்றின் உட்கருவும் பெரிது. நெரிசல் மிகுந்த திருவிழாவில் நடப்பவனைப்போல நீர் அங்கே முடங்குகின்றது. அதனால் 3 என்ற எண் 0.7ஆகத் தாழ்கின்றது.

சரிவின் வலிமையை 1000 என்ற வழக்கமான அளவில் வைத்தால், தடையற்ற நீரின் ஒலி 100இலிருந்து 5ஆக மங்கும். 0.7 எண்ணுடைய கட்டியின் ஒலியோ 50 அளவில் நிற்கும். அதனால்தான் படத்தில் கட்டி இருளின் நடுவே விளக்குப்போல ஒளிர்கின்றது. மருந்து பிடித்துப் புற்றணுக்கள் மடிந்தால், சுவர்கள் இடிகின்றன, நெரிசல் தளர்கின்றது, நீரின் நடை விரிகின்றது. எண் 1.4ஆக உயர்ந்தால் ஒலி 25ஆகக் குறையும், விளக்கு மங்கும். இம்மாற்றம் கட்டி சுருங்குவதற்கு முன்பே தெரியக்கூடும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 1997இல் எலிகளின் மூளைக்கட்டியில் இதைக் காட்டினர். இடிந்த வீட்டின் குப்பை அகலுமுன்னே, சுவர் இடிந்த செய்தி நமக்கு எட்டிவிடுகின்றது.

இவ்வளவும் கேட்ட என் மாணவனின் முகம் மலர்ந்தது. "அப்படியானால் எண் உயர்ந்தால் பிழைப்பேன், உயராவிட்டால் இல்லை. அவ்வளவுதானே, ஐயா?" என்றான். இங்கேதான் ஆசிரியனுக்குச் சோதனை. நல்ல செய்தியைச் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. ஆனால் உண்மை அவ்வளவு எளிதாக இல்லை.

முதலாவது, நோயற்ற நிணநீர்க் கணுவிலும் உயிரணுக்கள் நெருக்கமாகவே உள்ளன. அங்கும் நீர் முடங்கும். அங்கும் விளக்கு ஒளிரும். மண்ணீரலும் அப்படியே. ஆகவே ஒளிர்வதெல்லாம் நோயன்று. இரண்டாவது, தழும்புத் திசுவிலும் நீரின் நடை குறுகலாம். எண் தாழ்ந்திருப்பதால் மட்டும் நோய் எஞ்சியிருக்கிறது என்று தீர்ப்பளிக்கலாகாது. மூன்றாவது, ஒரு பொறியில் 0.7 என்று வரும் எண் மற்றொரு பொறியில் சற்று வேறாக வரலாம். அளக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் கையைப் பொறுத்தும் மாறலாம். நான்காவது, சிகிச்சைக்கு முன் உள்ள எண்ணைக்கொண்டே முடிவை முன்னறியலாம் என்று சில ஆய்வுகள் கூறின. வேறு சில ஆய்வுகளில் அத்தகைய தொடர்பு தென்படவில்லை. இடையில் எண் உயர்வதன் அளவைக்கொண்டு கூறுவதிலும் ஆய்வுகள் ஒருமுகப்படவில்லை. அவற்றுள் பல, சில பத்து நோயாளிகளையே கொண்ட சிறு ஆய்வுகள்.

இதனால் அம்முறை பயனற்றது என்று கருதவேண்டா. 2014இல் வியன்னா நகர மருத்துவர்கள் செய்த ஆய்வில், சர்க்கரையை நாடாத லிம்போமா வகைகளில் நீரின் படம் பெட் படத்தைவிடத் திறமையாக நோயைக் காட்டிற்று. கதிரியக்கம் இல்லாததால் சிறுவர்க்கும் கருவுற்றோர்க்கும் திரும்பத் திரும்ப எடுக்கலாம். இரு படங்களும் ஒன்றுக்கொன்று சாட்சியாக நிற்கும்போது மருத்துவரின் தீர்ப்பு உறுதி பெறுகின்றது. ஆனால் ஒரு சாட்சியை மட்டும் கேட்டுத் தீர்ப்பெழுதும் நீதிபதியை நாம் மெச்சுவதில்லை அல்லவா?

நான் அவனிடம் சொன்னேன்: "தம்பி, இந்த எண் உன் தலையெழுத்து அன்று. மூட்டை மூட்டையாகப் புற்றணுக்கள் அடைந்திருக்கும் ஓர் இடத்தில், இன்று நீர் எவ்வளவு தூரம் நடக்கின்றது என்பதே இது கூறும் செய்தி. உன் ஆயுளைப் பற்றி இதற்கு ஒன்றும் தெரியாது. உனக்கு எதை எவ்வளவு கொடுப்பது என்று மருத்துவர் முடிவு செய்ய இது ஒரு துணை, அவ்வளவே." அவன் சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "துணை என்றால் போதும், ஐயா" என்று சொல்லிப் புறப்பட்டான்.

இரண்டாம் சுற்றுக்குப் பின் எடுத்த படத்தில் எண் 1.4 என்று வந்தது. பெட் படமும் தெளிவாக இருந்தது. மருத்துவர்கள் இரண்டையும் வைத்தே மேற்கொண்டு செய்யவேண்டியதை முடிவு செய்தனர். கட்டி முற்றிலும் மறையவில்லை. விரலுக்குத் தட்டுப்படும் ஒரு சிறு தடிப்பு நெடுநாள் இருந்தது. தந்தையார் ஒவ்வொரு நாளும் அதைத் தொட்டுப் பார்த்துக் கலங்குவார். "அது தழும்பு, அப்பா, இடிந்த வீட்டின் கல்" என்று மகன் அவரைத் தேற்றுவானாம். அடுத்த கல்வியாண்டில் அவன் வகுப்புக்குத் திரும்பி வந்தான். எண் உயர்ந்ததனால் அவன் பிழைத்தான் என்று நான் கூறமாட்டேன். பிழைக்க வைத்தவை மருந்துகள். எண் அவற்றின் செய்தியைச் சற்று முன்னதாகக் கொண்டுவந்தது.

மாணவ நண்பர்களே, இந்த வரலாற்றைத் திரும்பிப் பாருங்கள். ஹாட்ஜ்கின் காலத்தில் விடை இறப்புக்குப் பின் வந்தது. விரலால் தடவிய காலத்தில் மாதங்கள் கழித்து வந்தது. அளவுகோலால் அளந்த காலத்தில் சிகிச்சை முடிந்தபின் வந்தது. சர்க்கரையைப் பின்தொடர்ந்தபோது இரண்டு சுற்றில் வந்தது. நீரின் நடையை அளக்கும்போது அதனினும் முன்னதாக வரலாம் என்ற நம்பிக்கை தோன்றியிருக்கின்றது. மகரந்தத்தூளின் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்த பிரௌனும், எதிரொலி மங்குவதைக் குறித்துவைத்த ஹானும், தங்கள் உழைப்பு ஓர் இளைஞனின் கழுத்துக் கட்டியை அளக்கப் பயன்படும் என்று கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். தம் கண்முன் இருந்ததை அவர்கள் பிழையறக் கவனித்தார்கள், அதுவே போதுமானதாயிற்று.

இனிச் செய்யவேண்டிய வேலை உங்கள் தலைமுறைக்கு உரியது. எல்லாப் பொறிகளும் ஒரே எண்ணைக் காட்டும்படி செய்யவேண்டும். சில பத்துப் பேரை விட்டுப் பல நூறு பேரிடம், பல நாடுகளில், ஒரே முறையில் சோதிக்க வேண்டும். விடை விரைவாக வந்தால் மட்டும் போதாது, சரியாகவும் வரவேண்டும். தவறான விடை விரைந்து வந்தால், தாமதமாக வந்த விடையைக் காட்டிலும் மிகுந்த தீங்கு செய்யும். "இன்னும் ஒரு சுற்றுப் போகட்டும்" என்று சொன்ன அந்த மருத்துவரை அன்று நான் மனத்துக்குள் குறைகூறினேன். இன்று நினைத்தால், அறியாததை அறிந்ததாகச் சொல்லாத அவருடைய நேர்மையே இவ்வரலாறு முழுவதையும் நடத்திவந்த பண்பு என்று எனக்குத் தோன்றுகின்றது.